பத்து கிராம்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டருக்கு நேராக வந்துவிடலாம். அதைச் செய்தே பிழைக்கும் ஒருவரைக் கூப்பிட்டால் வேறெதைப் பேசுவார்?

அமெரிக்காவின் சின்சினாட்டியில் தாமஸ் ஃபோகார்ட்டி என்றோர் இளைஞர், ஆப்பரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளர். காலின் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தால் அன்று நீளமாகக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். காலை இழந்தவர்கள் உண்டு, உயிரையே இழந்தவர்களும் உண்டு. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், பின்னால் மருத்துவம் படிக்கையில், சிறுநீர்க்குழாய்க்கான கதீட்டர் ஒன்றின் நுனியில் ரப்பர் கையுறையின் விரல்நுனியை வெட்டி மாட்டினார். ஒட்ட வேண்டுமே! எந்தப் பசையும் பிடிக்கவில்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவது அவருக்குச் சிறுவயதிலேயே கைவந்த கலை. அதே முடிச்சைப் போட்டார், நின்றது. சுருங்கிய பலூனைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, உப்புநீரால் உப்பவைத்து, மெல்ல இழுத்தால் கட்டி வெளியே வந்துவிடும். 1963இல் இந்த முறை மருத்துவ இதழில் வெளியானது. இழுக்கும்போது பலூன் எவ்வளவு இறுகலாம் என்பதைக் கைதான் சொல்லும். மிஞ்சினால் தமனியின் உட்சுவர் உரியும்.

ஃபோகார்ட்டி பக்கத்தில் நின்று பார்த்தார்; இப்போது பேசும் ஆசாமி படித்த காலத்திலோ ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் மருத்துவக் கருவிப் பாடத்தில் பாஸாகிவிட முடிந்தது. கான்டீன் வடையைப் பற்றி இருந்த ஞானம் அவருக்கு இதயத்தைப் பற்றி இருந்ததில்லை.

தொடையில் நுழைந்து இதயம்வரை போகும் நீண்ட குழாயில், ஃபோகார்ட்டியின் பலூனில் கை சொன்ன அந்த உணர்வு வழியிலேயே தொலைந்துபோகிறது. 1970இல் வந்த ஸ்வான்-கான்ஸ் கதீட்டர் ரத்த ஓட்டத்தோடு மிதந்துபோய் ரத்த அழுத்தத்தைச் சொன்னது. எதைத் தொடுகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் சொல்லவில்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தில் கோளாறான மின்பாதையைச் சூட்டால் துண்டிக்கும் சிகிச்சைக்கு அது தெரிந்தாக வேண்டும். லேசாகப் பட்டால் சூடு இறங்காது, பாதை மறுபடி உயிர்பெறும். அழுத்திவிட்டால் மெல்லிய இதயச்சுவரில் ஓட்டை.

இந்தச் சிகிச்சைக்கான கதீட்டர் பேனா ரீஃபில் பருமன்தான். அதற்குள் மின்கம்பிகள், நுனியை வளைக்கும் இழுகம்பி, குளிர்விக்கும் உப்புநீர் போகும் வழி, வெப்ப சென்சார் எல்லாம் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டன. மிச்சமிருக்கும் இண்டு இடுக்கில் ஒரு குழு நுனிக்குப் பின்னால் குட்டி ஸ்பிரிங் வைத்து, அது வளைவதைக் காந்தப்புலத்தால் அளந்தது. இன்னொரு குழு மூன்று ஒளியிழைகளில் திரும்பிவரும் ஒளி மாறுவதை அளந்தது. இரண்டுக்கும் 2014இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. திரையில் கிராம் கணக்கும் அழுத்தும் திசையும் தெரிந்தன.

அந்த அனுமதிக்கு முன்பே, 2012இல் வெளியான டொக்காட்டா என்ற சிறிய ஆய்வில், சராசரி அழுத்தம் 10 கிராமுக்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் ஓராண்டுக்குள் கோளாறு திரும்பியது. 20 கிராமுக்கு மேல் இருந்தவர்களில் 80 சதவீதம் பேருக்குத் திரும்பவில்லை.

ஆனால் திரையில் தெரியும் அந்த கிராம் எண் ஓரிடத்தில் நிற்காது. துடிப்புக்குத் துடிப்பு, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். எந்த ஏற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது, எதற்கு எச்சரிக்கை மணி அடிப்பது என்று ஏசி அறையில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. சென்சார் வடிவமைக்கப் போகிறவர்கள் எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈய அங்கி மாட்டிக்கொண்டு, கதீட்டர் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் மணிக்கணக்காக நிற்கத்தான் வேண்டும். கழுத்துக்குத் தனியாக தைராய்டு கவசம் உண்டு. மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.