குளம்பு நோவும் ரண சிகிச்சையும்

தாம்பரத்துத் தெருக்களில் பசு ஒன்று முதுகை வில்லாக வளைத்து, ஒரு பின்காலை ஊன்றியும் ஊன்றாமலும் நடப்பதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். 'நொண்டி மாடு' என்ற ஒரு சொல்லோடு நாம் அதைக் கடந்துவிடுகிறோம். அச்சொல்லுக்குள் எத்துணை வேதனை அடங்கியிருக்கிறது என்பதை நான் முதுமையில்தான் அறிந்தேன்.

எங்கள் தெருவில் பால் விற்றுக் குடும்பம் நடத்தும் அம்மையார் ஒருவரின் பசு நொண்டத் தொடங்கியது. "முள் தைத்திருக்கும், மஞ்சளை அரைத்துக் கட்டுங்கள், அம்மா" என்று சொன்னவன் நானே. தலைமையாசிரியராக இருந்தவர் சொன்னால் யார் மறுக்கிறார்கள்? மூன்று வாரம் கழிந்தது. பால் பாதியாகக் குறைந்தது. பசு படுத்தபடியே தீனி தின்றது. குளம்புக்கு மேலே வீங்கிச் சீழ் வடிந்த பிறகே அதை வண்டியில் ஏற்றி வேப்பேரிக்குக் கொண்டுசென்றோம்.

அங்குள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பட்டப்படிப்பு நடத்திய பெருமையும் அதற்கு உண்டு.

மாட்டின் பாதத்தில் உடற்பாரத்தைத் தாங்குவன இரண்டு விரல்கள். ஒவ்வொன்றையும் கொம்பு போன்ற கடினமான ஓர் உறை மூடியிருக்கிறது. அதுதான் குளம்பு. பின்காலில் வெளிப்புற விரலே மிகுதியான பாரத்தைச் சுமக்கிறது. சாணமும் மூத்திரமும் தேங்கிய சிமெண்டுத் தரையில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு ஊறி மென்மையாகிவிடும். கூரிய கல்லொன்று போதும், கிருமி உள்ளே புகுந்துவிடும். நமக்குக் கையில் சிலந்தி வந்தால் தோல் விரிந்து கொடுக்கும். குளம்பு விரிந்து கொடுக்காது. ஆகவேதான் உள்ளே தேங்கும் சீழ் அவ்வளவு நோவைத் தருகிறது.

புண் மேலாக இருப்பின், நோயுற்ற பகுதியைச் சீவி எடுத்துவிட்டு, நல்ல விரலின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டிவிடுவார்கள். நோயுற்ற விரல் தரையில் படாமல் உயர்ந்து நின்று, ஓய்வு பெற்று ஆறும். எவ்வளவு எளிய உபாயம்! ஆனால் எங்கள் பசுவுக்குச் சீழ் மூட்டுக்குள்ளேயே சென்றுவிட்டது. விரலை எடுத்துவிடுவதே வழி என்றார் மருத்துவர்.

"ஒரு விரல் போனால் மாடு எப்படி நிற்கும், சார்?" என்று அம்மையார் என்னைப் பார்த்துக் கேட்டார். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. மருத்துவரே விடை கூறினார்: "எஞ்சிய விரல் தாங்கும். மிகக் கனத்த காளையானால் யோசிப்பேன். இந்தப் பசுவுக்குச் செய்யலாம். ஆனால் இரட்டிப்புப் பாரம் சுமக்கும் அவ்விரலை நீங்கள்தான் காக்கவேண்டும்."

பசுவைப் படுக்கவைத்து, காலில் ரப்பர்ப் பட்டையை இறுகக் கட்டினார்கள். கட்டுக்குக் கீழுள்ள சிரையில் லிக்னோகெய்ன் என்னும் மருந்தை ஏற்றினார்கள். சில நிமிடங்களில் பாதம் மரத்துவிட்டது. ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1908-இல் மனிதருக்காக வெளியிட்ட முறை இது. பிறகு, முறுக்கிய கம்பி ரம்பம் ஒன்றை இரு விரல்களுக்கு இடையே செலுத்தி அறுத்தார்கள். பசு துள்ளவில்லை. புண்ணைத் தைக்காமல், மருந்திட்டு இறுகக் கட்டி, பட்டையைத் தளர்த்தினார்கள்.

புண் ஆற ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. அம்மையார் கொட்டகையின் சிமெண்டுத் தரைமீது மணல் பரப்பியிருக்கிறார். குளம்பு சீவவும் அவ்வப்போது ஆள் வருகிறார். பசு சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறது. ஆனால் தீனியை நின்றுகொண்டே தின்கிறது.