பரிவு வற்றாதிருக்க



தோட்டத்தில் ஒரு வீடு. புற்றுநோய் முற்றிய தந்தையார் படுக்கையில் கிடக்கிறார். பட்டணத்திலிருந்து மிஸி வந்து புண்ணைக் கழுவுகிறார். வலிக்கு மருந்து கொடுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிறார். அந்த வீட்டில் சற்றே நிம்மதி பிறக்கிறது. புறப்படும்போது அவரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால், அடுத்து அவர் எங்கே போகிறார்? இன்னொரு மரணப் படுக்கைக்கு. ஆண்டுக் கணக்கில் சாவின் அருகிலேயே நிற்பவருடைய மனம் என்ன பாடுபடும்? இதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

குணமாக்க முடியாத நோயிலும் வலியையும் வேதனையையும் குறைக்க முடியும். இதை நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். 1967-ஆம் ஆண்டில் லண்டனில் இதற்கென்றே செயின்ட் கிறிஸ்டோபர் நிலையத்தைத் தொடங்கினார் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும் சமூக ஊழியராகவும் இருந்து, பின்னர் மருத்துவம் படித்தவர் அவர். நம் நாட்டில் 1991-இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றியது. நெகிரி செம்பிலானிலும் ஒரு ஹோஸ்பிஸ் சங்கம் உண்டு.

இத்தகைய தொண்டு செய்வோரைப் பிடிக்கும் ஒரு களைப்பு இருக்கிறது. அதற்குப் பணிச்சோர்வு என்று பெயர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்துவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல அறிஞர், 1974-இல் இதைப் பற்றி எழுதினார். அதிக ஈடுபாட்டோடு உழைப்பவர்களே இதில் எளிதாகச் சிக்குகிறார்கள் என்று அவர் கண்டார். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: உடலும் மனமும் ஓய்ந்து போதல், வேலையின்மேல் வெறுப்பும் விலகலும் தோன்றுதல், 'நான் செய்வதால் என்ன பயன்?' என்று எண்ணுதல். இது ஒரு நோயன்று; வேலை இடத்தில் தீராமல் நீடிக்கும் நெருக்கடியின் விளைவு என்றும் அந்நிறுவனம் விளக்கியது.

பால்மரம் சீவியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஓய்வு கொடுக்காமல் மரத்தைச் சீவிக்கொண்டே இருந்தால் என்ன ஆகிறது? வெட்டுப் பட்டை காய்ந்து பால் நின்றுவிடுகிறது. அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுகிறோம். பால் நின்ற மரத்தை நாம் சோம்பேறி என்று திட்டுவதில்லை. மனிதருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

சாவைப் பார்ப்பது மட்டுமே அவர்களுடைய சுமையன்று. ஒருவருக்காக வருந்தி முடிக்குமுன் அடுத்தவர் காத்திருக்கிறார். நாமும் அறியாமல் பாரம் ஏற்றுகிறோம். "அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள், மிஸி" என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த அப்பாவோ, நாம் அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, "எனக்கு என்னம்மா வியாதி?" என்று அவரையே கேட்கிறார். பதில் சொல்ல முடியாமல் தவிப்பது யார்? மார்ஃபின் கொடுத்ததால்தான் உயிர் போயிற்று என்றும் சிலர் பழி சொல்கிறார்கள். மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் வலியைத் தணிக்கிறது, உயிரைப் பறிப்பதில்லை. உயிரைக் கொண்டுபோவது நோய்தான்.

இதற்குப் பரிகாரம் என்ன? 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்ற உபதேசம் மட்டும் போதாது. போதிய ஆட்கள் வேண்டும். முறையான விடுமுறை வேண்டும். இறந்துபோனவரைப் பற்றிச் சக ஊழியர்களோடு மனம்விட்டுப் பேச ஒரு நேரம் வேண்டும். அழுகை வந்தால் அழலாம் என்ற இடமும் வேண்டும். ஒருவரே சுமக்காமல் பலர் பகிர்ந்தால் சுமை குறையும் என்பதற்குக் கேரளம் நல்ல சான்று. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்க உதவிய தணிப்புப் பராமரிப்புப் பணி, பிறகு அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் செல்லும் இயக்கமாகப் பரவியது.

நேயர்களே, இதே களைப்பு நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. நோயாளியை இரவும் பகலும் பார்ப்பது பெரும்பாலும் ஒரே மகள் அல்லது ஒரே மருமகள். அவள் ஒருநாள் எரிந்து விழுந்தால், 'பாசமில்லாதவள்' என்கிறோம். அது பாசக் குறைவன்று, தூக்கக் குறைவு. கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் தோட்டமே திரண்டு வந்து கைகொடுக்கும் பழக்கம் நம்முடையது. நோயாளி வீட்டுக்கும் அப்படி வருவோம். ஒருவர் இரவு விழித்தால், இன்னொருவர் சமைத்துக் கொடுக்கட்டும். அண்ணனும் தம்பியும் முறைவைத்து உட்காரட்டும். தகப்பனாரிடம் பேச வேண்டிய உண்மையை வீட்டாரே கூடிப் பேசுவோம். மிஸியின் தலையில் போட வேண்டாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். அடுத்த முறை மிஸி வீட்டுக்கு வரும்போது, மருந்தைப் பற்றிக் கேட்குமுன், "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். நம் வீட்டில் விழித்திருக்கும் மகளிடமும் அதையே கேட்போம். கேட்டதோடு நிற்காமல், "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் சொல்வோம்.