இரத்தப் பரிசோதனையும் அதற்குரிய காலமும்

(உழவர்கரையில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொழுது புலரும் வேளையில் கோரிமேட்டில் பேருந்தை விட்டு இறங்குவோரைச் சற்றே கவனித்தால் ஒரு செய்தி புலப்படும். திண்டிவனம், விழுப்புரம், கடலூர் எனப் பல ஊர்களிலிருந்து வரும் அவர்களுள் பலர் முந்தைய இரவிலிருந்து உணவு கொள்ளாதவர்கள். கையில் மடித்த மருத்துவச் சீட்டுடன் ஜிப்மர் மருத்துவமனையை நோக்கி நடக்கிறார்கள். 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினர் புதுச்சேரியில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அந்நிறுவனம். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்னும் பெயரும், 1964இல் இன்றைய பெயரும் பெற்றது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெருவுக்குத் தெரு தனியார் பரிசோதனைக்கூடங்களும் உள்ளன. ஆகவே உழவர்கரை மக்களுக்கு இரத்தப் பரிசோதனை எட்டாத பொருளன்று. எனினும், ஊசி குத்தப்படும் அந்த ஒரு கணத்திற்கு முன்னும் பின்னும் நிற்கும் காலத்தைப் பற்றிய தெளிவுதான் பலருக்கு இல்லை. முடிவு வரத் தாமதமானால் பெருநோய் என்று அஞ்சுவோர் உண்டு. முன்னேற்பாடு தவறிப்போய், பிழையான எண்ணைக் கண்டு கலங்குவோரும் உண்டு. இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் இரத்தம் எடுக்கும் செயல். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேற்கையில் ஒரு பட்டையை இறுகக் கட்டி, முழங்கை மடிப்பில் புடைக்கும் நாளத்தில் ஊசியைச் செலுத்துவர். மூன்று நான்கு குழாய்கள் நிரம்புவதைக் கண்டு முதியோர் சிலர், “இவ்வளவு இரத்தமும் போனால் உடம்பு தாங்குமா?” என்று கேட்பதுண்டு. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. எடுக்கப்படுவதோ 10 அல்லது 15 மில்லிலிட்டர்; மூன்று தேக்கரண்டி அளவு. ஊசியை எடுத்தபின் கையை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு, பஞ்சால் மூன்று நான்கு நிமிடம் அழுத்திப் பிடிப்பதே முறை. மடக்கினால் தோலின் கீழ் இரத்தம் கசிந்து கன்றிப் போகும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் இன்னும் சிறிது நேரம் அழுத்த வேண்டும். இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் இயல்புடையோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் படுக்க வைத்தே எடுப்பார்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

குழாய்களின் மூடிகள் பல நிறத்தில் இருப்பது அழகுக்காக அன்று. ஊதா மூடியுள்ள குழாயில் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து இருக்கும். இரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது. சாம்பல் நிற மூடியுள்ளது சர்க்கரைக்கு உரியது. குழாய்க்குள் சென்ற பின்னும் இரத்த அணுக்கள் உயிருடன்தான் இருக்கின்றன. அவை சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். தடுக்காவிட்டால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரையின் அளவு குறைந்துபோகும். அதைக் குறைக்கவே சாம்பல் மூடிக் குழாயில் புளோரைடு சேர்க்கப்படுகிறது. சிவப்பு அல்லது மஞ்சள் மூடியுள்ள குழாயிலோ இரத்தம் உறையத்தான் வேண்டும். உறைவதற்கு அரை மணி நேரம். பின்பு சுழற்பொறியில் ஏறத்தாழ பத்து நிமிடம். அதன்பின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிறச் சீரத்தில்தான் சிறுநீரகம், கல்லீரல், கொழுப்பு ஆகியவற்றின் அளவுகள் பார்க்கப்படுகின்றன. அவசரப்படுத்தினாலும் இந்த முக்கால் மணி நேரத்தைக் குறைப்பது அரிது.

ஹீமோகுளோபினும் அணுக்களின் எண்ணிக்கையும் இயந்திரத்தில் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இ.எஸ்.ஆர். என்னும் சோதனையின் வழக்கமான முறைக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்பதே அங்கு அளவை. காலையில் கொடுத்த வழக்கமான சோதனைகளின் முடிவு பெரும்பாலும் அன்று பிற்பகலிலோ மாலையிலோ கிடைக்கும். அரிதாகக் கேட்கப்படும் சோதனைகளைச் சில கூடங்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் சேர்த்துச் செய்யும், அல்லது சென்னைக்கு அனுப்பும். அவற்றின் முடிவு நாள் கடந்து வருவதற்கும் நோயின் தன்மைக்கும் தொடர்பில்லை.

இனி, இந்த அவையினர்க்கு மிக நெருக்கமான செய்திக்கு வரலாம். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சோதனைகளுக்குக் குறைந்தது 8 மணி நேரம் உணவின்றி இருத்தல் வேண்டும். கொழுப்புச் சோதனைக்கு 9 முதல் 12 மணி நேரம் என்பது நெடுங்கால வழக்கம். மாலை ஆறு மணிக்குள் உணவை முடித்து, சூரியன் மறைந்தபின் உண்ணாத இல்லத்தார்க்கு இது ஒரு சுமையே அன்று. காலை ஏழு மணிக்கு அவர்கள் கூடத்திற்குச் சென்றால் 13 மணி நேரம் தானாகவே நிறைவேறியிருக்கும். பிறர் இரவு பத்து மணி வரை உண்டுவிட்டு மறுநாள் காலையில் நேரத்தைக் கணக்கிட்டுத் தடுமாறுவதைப் பார்க்கும்போது, இரவுணா நீக்கிய வாழ்க்கை இச்சோதனைக்கென்றே அமைந்தது போலத் தோன்றும்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஓர் இடர் உண்டு. “வெறும் வயிறு” என்று மருத்துவர் சொல்வது உணவை மட்டுமே குறிக்கும். பால், தேநீர், காப்பி கூடா. வெறும் நீர் கூடும், அருந்துவதே நன்று. நீரும் நீத்து இரவைக் கழித்தவர்களின் நாளங்கள் சுருங்கி, ஊசிக்கு எளிதில் அகப்படா. இரண்டு மூன்று இடங்களில் குத்த நேர்வதன் காரணம் பல வேளைகளில் இதுதான். சூரியன் உதித்து 48 நிமிடம் கழியும்வரை நீரும் கொள்ளாத நவகார்சி நெறியினர், அந்நேரம் கடந்ததும் கொதித்தாறிய நீர் ஒன்றிரண்டு குவளை அருந்திவிட்டுப் புறப்படலாம். நெறிக்கும் இழுக்கில்லை, சோதனைக்கும் குறையில்லை. சர்க்கரை நோய்க்கான மாத்திரையையும் இன்சுலினையும் உணவின்றி எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். ஆகவே அவை பொதுவாக இரத்தம் கொடுத்து உணவு கொண்ட பின்னரே. மற்ற மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் முன்னாளே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

நீண்ட நோன்பு இதனின் வேறுபட்டது. பரியூஷண நாட்களில் எட்டு நாள் உண்ணாநோன்பு ஏற்ற ஒருவர், எட்டாம் நாளோ பாரணை முடிந்த மறுநாளோ முழு உடற்பரிசோதனைக்குச் செல்கிறார் என்று கொள்வோம். யூரிக் அமிலம் மிகுந்து காணும். பிலிரூபினும் சற்று உயரும். மஞ்சள் காமாலையோ என்று வீடே நடுங்கும். நீர் குறைவாலே யூரியா ஏறியிருக்கும். ஹீமோகுளோபின் உண்மையினும் கூடுதலாகத் தோன்றும். இவற்றுள் பல, உணவில்லாத உடல் தன் சேமிப்பைக் கரைத்து வாழ்வதன் இயல்பான அடையாளங்கள். சோதனைத் தாளில் அச்சிடப்பட்டுள்ள இயல்பு அளவுகள் வழக்கம்போல் உண்டு வாழ்வோரை அளந்து வகுத்தவை. எட்டு நாள் உண்ணாதவரை அவற்றோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆகவே வழக்கமான சோதனையை நோன்புக்கு முன்னரோ, பாரணைக்குப்பின் உணவு பழைய நிலைக்கு வந்து இரண்டு வாரம் கழித்தோ செய்துகொள்வது தக்கது. நோன்பின் நடுவே உடல்நலம் குன்றி இரத்தம் எடுக்க நேர்ந்தால், இத்தனையாவது நாள் நோன்பு என்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பணிவின் காரணமாக நோன்பை வெளியிடாதவர்கள் உண்டு. மருத்துவரிடம் அந்தப் பணிவு வேண்டா.

சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உடையோர் நீண்ட நோன்பு ஏற்கும் முன்பே சோதனை செய்து மருத்துவரின் கருத்தறிவது அவர்தம் உயிர்க்குக் காப்பு. அவர்களுக்கு “மூன்று மாதச் சர்க்கரை” என்று மக்கள் வழங்கும் எச்.பி.ஏ.1சி சோதனை உதவும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அந்த ஆயுளில் அதன்மேல் ஒட்டிய சர்க்கரையை இது காட்டுவதால், முந்தைய நாள் உண்டதும் உண்ணாததும் இதைப் பெரிதும் மாற்றா. எந்நேரத்திலும் எடுக்கலாம்.

உணவுக்குப்பின் எடுக்கும் சர்க்கரைச் சோதனையிலும் பிழை மலிவு. இரண்டு மணி நேரம் என்பது உணவின் முதற்கவளத்திலிருந்து எண்ணப்படுவது. உண்டு முடித்துக் கை கழுவியதிலிருந்து அன்று. வீட்டுக்குப் போய் உண்டு, ஓய்வெடுத்து, மூன்று மணி நேரம் கழித்து வருவோர்க்குக் கிடைக்கும் நல்ல எண் மகிழ்ச்சி தரலாம். மருத்துவர்க்கு அதனால் பயனில்லை.

உடலுக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பு காலை எட்டு மணியளவில் மிகுந்து மாலையில் தாழும். தைராய்டுச் சோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் குறையும். இதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் எடுக்கச் சொல்கிறார்கள்.

உடலின் கடிகாரத்தைவிட வியப்பானது ஒரு புழுவின் கடிகாரம். உழவர்கரையில் முதியவர்களுக்கு அது நினைவிருக்கும். யானைக்கால் நோய் இவ்வட்டாரத்தில் பரவியிருந்த காலத்தில், இரத்தம் எடுப்போர் இரவில் விளக்கோடு வீடு வீடாக வந்தார்கள். பகலில் வந்தால் என்ன என்று மக்கள் சலித்துக்கொண்டதும் உண்டு. காரணம் இது: அந்நோய்ப் புழுவின் நுண்குஞ்சுகள் பகல் முழுதும் நுரையீரலின் நாளங்களில் தங்கியிருந்து, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரையிலான வேளையில்தான் தோலருகே திரளாக வருகின்றன; கொசு கடிக்கும் வேளையும் அதுவே. 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் இவற்றைக் கண்டார். சீனத்தின் அமோய் நகரில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் 1870களின் பிற்பகுதியில் கொசுவின் பங்கையும் இந்த இரவு வருகையையும் கண்டறிந்தார். நண்பகலில் எடுத்த துளியில் ஒன்றும் இல்லை என்பதால் நோயில்லை என்று ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நிறுவிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்திரா நகரில் இருக்கிறது. 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் யானைக்கால் நோய்த் தடுப்புப் பெருமுயற்சி ஒன்றை அது மேற்கொண்டது. விரல் நுனியின் ஒரு துளியில் சில நிமிடங்களில் பகலிலேயே விடை கூறும் அட்டைச் சோதனைகள் பின்னாளில் வந்தன.

காய்ச்சல் காலத்துச் சோதனைகளுக்கு நாட்கணக்கு முக்கியம். மழைக்காலத்தில் டெங்கு ஐயம் எழுந்தால், முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 என்னும் சோதனையும், அதன்பின் ஐ.ஜி.எம். சோதனையும் பொருந்தும். எத்தனையாவது நாள் காய்ச்சல் என்று சீட்டில் குறிக்கச் சொல்வது அதற்காகவே. இரத்தத்தில் கிருமி உண்டா என்று அறியும் கல்ச்சர் சோதனைக்குக் கிருமி வளர்ந்தாக வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அறிகுறி தென்படும். இல்லை என்று உறுதி கூற ஐந்து நாள் காத்திருப்பார்கள். ஐந்தாம் நாள் வரை அழைப்பு வரவில்லையே என்று வருந்தும் குடும்பத்தார் அறிய வேண்டியது, இங்கே அமைதி நல்ல செய்தியாக இருப்பதே மிகுதி என்பது. இச்சோதனைக்கு இரத்தம் எடுக்கும் முன்பே கிருமிக்கொல்லி மாத்திரை உண்டுவிட்டால் கிருமி வளராது போகலாம். கடையில் தாமே வாங்கி உண்பது இந்த வகையிலும் கேடு.

முடிவுத் தாளில் தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. இயல்பு அளவு என்பது பொதுவாக நலமுள்ள நூறு பேரில் 95 பேர் அடங்கும் எல்லை. நலமுள்ளோரிலும் ஐவர் அதற்கு வெளியே நிற்பர். கூடத்திற்குக் கூடம் அந்த எல்லையும் சிறிது மாறும். பழைய தாள்களை எறியாமல் ஒரு கோப்பில் வைத்திருந்தால், சென்ற ஆண்டு 1.0 ஆக இருந்த கிரியாட்டினின் இவ்வாண்டு 1.3 ஆனதை மருத்துவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

உண்மையிலேயே ஆபத்தான எண் வந்தால் மாலை வரை காத்திருப்பதில்லை. பொட்டாசியம் மிகவும் ஏறியிருந்தாலோ, சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தாலோ, நல்ல பரிசோதனைக்கூடத்தார் மருத்துவரையோ வீட்டாரையோ உடனே தொலைபேசியில் அழைப்பர். முதியோர் தனியே செல்லும்போது, சீட்டில் அவர்தம் எண்ணோடு, அழைத்தால் எடுக்கக்கூடிய மகன் அல்லது மகளின் எண்ணையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.