பங்கீடும் வாக்கும்



1848ஆம் ஆண்டிலே மாத்தளை மக்கள் வரிச்சுமை தாங்காது கிளர்ந்தெழுந்தனர். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, ஆண்டில் ஆறு நாள் தெருவேலை, அன்றேல் அதற்கீடாகப் பணம். அரசு எங்ஙனம் வாங்குகிறது என்பதே அன்றைய வினா. வாங்கியதை எங்ஙனம் பகிர்ந்தளிக்கிறது என்பதே இன்றைய வினா.

கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு மாத்தளையும் மத்திய மாகாணத்தைச் சேர்ந்தது. 1987ஆம் ஆண்டிற் பதின்மூன்றாந் திருத்தத்தாற் பிறந்த மாகாண சபைகளுக்குச் சொந்த வருவாய் சிறிது. பெரிய வரிகள் யாவும் மத்திய அரசின் கையில் உள்ளன. ஆதலால் மாகாணம் கொழும்புத் திறைசேரியை எதிர்நோக்கி நிற்கிறது. பங்கீட்டைப் பரிந்துரைப்பது நிதி ஆணைக்குழு. குடித்தொகை, தலா வருமானம், ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டிய தேவை என்பன அதற்கு அரசியலமைப்பு விதித்த அளவுகோல்கள்.

அளவுகோல் செவ்வியதே. ஆயின், அளவுகோலுக்கு நன்றி கூறி வாக்களிப்பார் எவர்? மாகாண சபை பாலம் அமைத்தாற் புகழ் சபைக்குரியது. அமைச்சர் அமைத்தாற் கல்லிலே அவர் பெயர் பொறிக்கப்படும். ஆகவே மத்தியில் ஆள்வோர், சபைக்கு வழங்குவதினும் தம் அமைச்சுகள் வாயிலாகச் செலவிடுதலையே விரும்புவர். 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம், பாராளுமன்ற உறுப்பினர் குறிக்கும் வேலைகளுக்குப் பணம் ஒதுக்கிற்று. மாகாண சபைகள் தோன்றிய பின்னும் அவ்வழக்கம் மறையவில்லை.

வாக்கில்லாதவர் நிலை யாது? இரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்டங்களை நோக்குங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளித் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அவர்களின் லயங்களுக்குத் தெருவும் நீரும் கொணர்வதால் வேட்பாளருக்கு ஓர் ஊதியமும் இல்லாதாயிற்று. வாக்குரிமை படிப்படியாக மீண்டபோதிலும், தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணி செய்வதற்கிருந்த சட்டத்தடை 2018இலேதான் திருத்தப்பட்டது.

ஊரின் குறையை உறுப்பினர் அறிவார். உடைந்த மதகைச் சூத்திரம் அறியாது என்பர். உண்மையே. எந்த மதகை முதலிற் கட்டுவது என்பதில் அவர் சொல் செல்லட்டும். எந்த ஊருக்கு எவ்வளவு பணம் என்பதை மட்டும் விதி தீர்மானிக்கட்டும்.

நம் பிரதேச சபைக்கு இவ்வாண்டு வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற இரு தொகைகளும் சபை வாயிலிலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். அதனைக் கேட்பது சலுகை கோருவதன்று. வரி செலுத்தியவன் கணக்குக் கேட்பதேயாம்.