தேர்தல் முறையும் நமது அரசியற் பண்பும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய வாசிகசாலைக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



தேர்தல் முடிந்த மறுநாள் நம்மூர்த் திண்ணைகளில் எழும் பேச்சை நீங்கள் அறிவீர்கள். "சனங்கள் மாறிவிட்டார்கள், தலைவர்கள் கெட்டுவிட்டார்கள்" என்பதே அது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் நான் இன்று மனிதரின் குணத்தை ஆராய வரவில்லை. வாக்கை எண்ணுகின்ற விதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாய்க்காலை வெட்டிய திசையிலேதான் நீர் ஓடும் என்று கமக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்தற் சட்டமும் அத்தகையதொரு வாய்க்காலே.

சில மாதங்களுக்கு முன் முதியவர் ஒருவர் காணி வழக்கொன்றுக்காக என்னிடம் வந்திருந்தார். எழுந்து போகும்போது, "தம்பி, எங்கடை ஊருக்கு எம்.பி. ஆர்?" என்று கேட்டார். "ஐயா, மாவட்டத்துக்கு ஆறு பேர்" என்றேன். "ஆறு பேரெண்டால் ஒருத்தரும் இல்லையெண்டுதானே?" என்று கூறிச் சென்றுவிட்டார். அரசியலமைப்புச் சட்டத்தைப் பல ஆண்டுகள் படித்தவன் நான். அந்த ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை.

அந்த ஆறு ஆசனங்களும் பங்கிடப்பட்ட கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் ஏறக்குறைய 325,000. தேசிய மக்கள் சக்தி 80,800 அளவிலும், தமிழரசுக் கட்சி 63,300 அளவிலும் பெற்றன. தமிழ்க் காங்கிரசும் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவும் தனித்தனியே 28,000க்குச் சற்றுக் குறைய எடுத்தன. சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி எடுத்தது 22,500 அளவு. சட்டம் என்ன செய்கிறது? முதலிடம் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனத்தைப் போனசாகக் கொடுத்துவிடுகிறது. பின்னர் நூற்றுக்கு 5 வீதம் பெறாத பட்டியல்களை நீக்குகிறது. எஞ்சிய வாக்குகளை மிகுதி ஐந்து ஆசனங்களால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 48,000 வாக்கு. அவ்விலையைக் கொடுக்கக் கூடியவை இரண்டே கட்சிகள். ஆளுக்கு ஒன்று போயிற்று. இன்னும் மூன்று ஆசனங்கள் உள. அவை கூடிய மிச்ச வாக்குடையோருக்குச் செல்லும். முதற் கட்சியின் மிச்சம் 32,000க்கு மேல்; அடுத்தவை அந்த இரண்டு 28,000கள். தமிழரசின் மிச்சமோ 15,000 அளவுதான். முடிவு: 3, 1, 1, 1. நாலில் ஒரு பங்கு வாக்கு, ஆசனத்தில் அரைப் பங்காயிற்று. 22,500 பேரின் வாக்குக்கு ஒன்றுமில்லை.

அக்கட்சிக்கு வாக்களித்த நம்மவரை நான் குறைகூறேன். அது அவர்கள் உரிமை. தமிழ்க் கட்சிகள் மூன்றும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் அத்தனை ஆசனமும் நமக்கே என்று மேடைகளில் முழங்குவோரின் கணக்கையும் நான் ஒப்பேன். தமிழரசு, காங்கிரஸ், கூட்டணி ஆகிய மூன்றின் வாக்குகளையும் ஒருசேரக் கூட்டிப் பார்த்தேன். போனஸ் ஆசனம் உட்பட வருவது மூன்றே. பிரிந்து நின்று பெற்றவை இரண்டு. ஒன்று கூடுகிறது, அதற்கு மேலில்லை.

இனிப் பழைய கதைக்கு வருவோம். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தது. அதை வகுத்தோர் கட்சிகளே இல்லாத ஆட்சியொன்றை எண்ணினர். இலண்டன் மாநகர சபையின் மாதிரியில் அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தெரிந்த தலைவரே மந்திரி. 1931இல் பெரி. சுந்தரமும் மாக்கான் மாக்காரும் அவ்வாறு மந்திரிகளாயினர். 1936இலோ, ஏழு குழுக்களிலும் சிங்கள அங்கத்தவர் பெரும்பான்மையாய் அமையுமாறு முன்கூட்டியே பங்கிட்டு, ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே வரச் செய்தனர். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம் என்று சொல்லப்படுவதுண்டு. அது மெய்யாயின் நம்மவர் கணிதத் திறமைக்கு அதைவிடத் துயரமான சான்று வேறில்லை! சட்டத்தின் ஒரு வரியையும் அவர்கள் மீறவில்லை என்பதையே இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

சோல்பரி முறை ஒரு தொகுதிக்கு ஓர் அங்கத்தவர், கூடிய வாக்கு எடுத்தவர் வென்றவர் என்ற பிரித்தானிய முறை. விலக்காகக் கொழும்பு மத்தி, பின்னர் மட்டக்களப்பு, மூதூர் போன்ற பல அங்கத்தவர் தொகுதிகளும் இருந்தன. மலைநாட்டுத் தோட்ட மக்களையும் தலைக்கணக்கில் சேர்த்தே தொகுதி எல்லைகள் வகுக்கப்பட்டன. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அம்மக்களின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. ஆனால் எல்லைகள் அப்படியே நின்றன. ஆகவே 1952இல் அவர்களுடைய தலைகள் ஆசனத்துக்கு எண்ணப்பட்டிருந்தன. கைகள் வாக்குக்கு நீட்டப்படவில்லை. அவர்கள் பெயரால் வந்த ஆசனங்களில் அயற்கிராமத்துச் சிங்கள வாக்காளரின் தெரிவுகள் அமர்ந்தன.

ஏலம் கூறிய தென்னிலங்கை

1956ஐ நாம் பெரும்பாலும் ஒரு மனிதரின் குற்றமாகவே நினைவு கூருகிறோம். தேர்தல் முறை அங்கு செய்த வேலையை மறந்துவிடுகிறோம். மக்கள் ஐக்கிய முன்னணி நூற்றுக்கு 40 வீதம் அளவான வாக்கோடு 95இல் 51 ஆசனம் பெற்றது. நாலில் ஒரு பங்குக்கு மேல் வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டே ஆசனங்கள். சிறிதளவு வாக்குச் சாய்ந்தால் ஆட்சியே கவிழும் என்ற பாடத்தை இரு கட்சிகளும் அன்று படித்தன. சிங்களத் தொகுதியொன்றிலே தமிழர் வாக்கு அநேகமாக இல்லை. ஆகவே தமிழருக்கு நீதி வழங்குவோன் அங்கு ஒரு வாக்கும் கூடுதலாகப் பெறான், வழங்கினான் என்று குற்றஞ்சாட்டுவோன் ஆயிரம் பெறுவான். 1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தனர். அக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்த்தனா கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்பிரலில் உடன்படிக்கை கிழிந்தது. 1965இல் டட்லி சேனாநாயக்கா கையொப்பமிட்டார். இம்முறை எதிர்த்து ஊர்வலம் போனது மற்றைய பக்கம். மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது. ஆட்கள் இடம் மாறினர், நாடகம் மாறவில்லை. ஒரு சுற்றில் ஒருவரையே தெரியும் முறை இரு கட்சிப் போட்டியை வளர்க்கும் என்று டுவேர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் 1951இல் எழுதினார். அவ்விரு கட்சிகளும் ஒரே இனத்தின் வாக்குக்காகவே ஏலம் கூறினால் விளைவது யாது என்பதை நாமே அனுபவித்து அறிந்தோம்.

1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நாட்டிலேயே கூடிய வாக்கைப் பெற்றும் 17 ஆசனங்களோடு நின்றது. எதிரணியின் மூன்றிலிரண்டு பலம் 1972 அரசியலமைப்பைத் தந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அதிலே மறைந்தது. 1977இல் கணக்குத் தலைகீழாயிற்று: நூற்றுக்கு 51 வீதம் அளவான வாக்கு, 168இல் 140 ஆசனங்கள்.

நம் பக்கத்தில் அம்முறை செய்த வேலையையும் மறைக்கக் கூடாது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி வட மாகாணத்தின் 14 ஆசனங்களையும் வென்றது. மொத்த வாக்கில் 7 வீதத்துக்கும் குறைவாய்ப் பெற்றும் 18 ஆசனங்களோடு பிரதான எதிர்க்கட்சியாயிற்று. 30 வீதம் அளவு பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டு மட்டுமே. நாம் மகிழ்ந்தோம். ஆனால் கட்சி நியமனம் கிடைத்தாலே வெற்றி என்ற நிலையில், உண்மையான தேர்தல் வாக்குச்சாவடியில் நடக்கவில்லை. நியமனம் கொடுக்கும் அறைக்குள்ளே நடந்தது. கேள்வி கேட்போனைத் துரோகி என்று சுலபமாய் ஒதுக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்பவர்கள் அந்த அறையையும் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

பட்டியலும் விருப்பு வாக்கும்

1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொணர்ந்தது. முதலில் கட்சி எழுதிய வரிசையே வரிசை. எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு இடமில்லை. அதன்படி தேர்தல் நடக்கவேயில்லை! ஆளுங்கட்சி அங்கத்தவரின் திகதியிடாத இராசினாமாக் கடிதங்கள் தலைவரின் பெட்டிக்குள் இருந்தன. 1982 திசெம்பரில் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றினால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீண்டது. 1977இன் பின் பொதுத் தேர்தல் 1989இலேதான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் இரு திருத்தங்கள் நிகழ்ந்தன. எட்டில் ஒன்று இருபதில் ஒன்றாயிற்று. முஸ்லிம் காங்கிரஸ் பேரம் பேசிப் பெற்ற அந்த மாற்றம் சிறிய கட்சிகள் யாவற்றுக்கும் வாழ்வளித்தது. மற்றையது விருப்பு வாக்கு. அதைப் பற்றி நான் கண்ணாற் கண்டதைச் சொல்கிறேன்.

ஒரு தேர்தலில் வாக்கு எண்ணும் நிலையத்தில் நான் கட்சி முகவராய் இருந்தேன். கட்சி வாக்கு எண்ணி முடியும் வரை எங்கள் பட்டியலின் ஆட்கள் தோளோடு தோள் நின்றார்கள். ஒருவர் கொணர்ந்த தேநீரை எல்லோரும் பகிர்ந்து குடித்தார்கள். விடிந்ததும் விருப்பு வாக்கு எண்ணத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். அதே ஆட்கள் மேசையின் இரு புறமும் பிரிந்து, ஒருவர் எழுதுவதை ஒருவர் எட்டிப் பார்த்து, "இந்தக் கட்டைத் திரும்ப எண்ணு" என்று கூச்சலிட்டனர். எதிர்க்கட்சி முகவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். அன்றிரவு வரை எதிரியாய் இருந்தவனிடமிருந்து ஆசனம் பறிக்க முடியாது. அருகில் நிற்கும் தோழனிடமிருந்துதான் பறிக்க முடியும். இதுவே விருப்பு வாக்கின் விதி. மாவட்டம் முழுவதும் ஓடித் திரிந்து தன் இலக்கத்தை விளம்பரஞ் செய்யப் பணம் வேண்டும். பணமில்லாத நேர்மையாளன் பட்டியலை நிரப்பவே பயன்படுகிறான். பெண்களின் கதி இதனினும் மோசம். செலவுக்கு எல்லை வைத்து 2023இல் சட்டம் வந்தது நன்றே. ஆனால் நோயின் வேர் சட்டத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது.

கட்சிகளின் அமைப்பு இதனோடு பிணைந்தது. நியமனப் பத்திரத்தில் கையொப்பமிடுபவர் கட்சிச் செயலாளர்; கட்சி நீக்கினால் அங்கத்தவரின் ஆசனமும் பறிபோகும் என்று 99ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆயினும் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டு, நீக்கியது செல்லாது என்று தீர்ப்புப் பெற்றோர் பலர். காரணம், கட்சி தன் யாப்பின்படி ஒழுங்கான விசாரணை நடத்தவில்லை என்பதே. அவ்வாறு பக்கம் மாறியோரின் துணையாலேயே 2010இல் 18ஆம் திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறிற்று. தன் அங்கத்தவனுக்கு நீதி வழங்கத் தெரியாத கட்சி நாட்டுக்கு எதை வழங்கும்? நம் வீட்டிலும் அதே கதை. 2024 சனவரியில் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை திருகோணமலையில் கூடி, போட்டி வாக்கெடுப்பால் தன் தலைவரைத் தெரிந்தது. எத்தனை நல்ல முன்மாதிரி! அடுத்த மாதமே வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. வழக்கறிஞனாகிய எனக்கு வழக்கு வருவதில் வருத்தமில்லை. ஆனால் பொதுச்சபையில் யாருக்கு வாக்குண்டு என்பதைக் கட்சியே முன்கூட்டித் தெளிவாய் எழுதி வைத்திருந்தால் அந்த வழக்குக்கு வேலையே இராது.

திரும்பிப் போகலாமா?

பழைய தொகுதி முறைக்கே போவோம் என்று பெரியவர்கள் பலர் கூறுகின்றனர். என்னிடம் வந்த அந்த முதியவரும் அதையே விரும்புவார். அவருடைய குறையை நான் மதிக்கிறேன், மருந்தை ஏற்கேன். வட அயர்லாந்தைப் பாருங்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே விகிதாசாரத்தை வைத்தது. பல அங்கத்தவர் தொகுதியில் வாக்காளர் 1, 2, 3 என்று கட்சி எல்லையைக் கடந்தும் வரிசையிடலாம். பெரும்பான்மையோரின் அரசாங்கம் 1922இல் உள்ளூராட்சித் தேர்தலிலும் 1929இல் பாராளுமன்றத் தேர்தலிலும் அதை நீக்கியது. அப்பாராளுமன்றம் 1972இல் நிறுத்தப்படும் வரை ஒரே கட்சியே ஆண்டது. 1973இல் பழைய வரிசை முறையைத் திரும்பக் கொணர வேண்டியதாயிற்று. இடையில் சிந்திய இரத்தம் உலகறியும். விகிதாசாரத்தை இழந்தால் மலையகத் தமிழரும் சிதறி வாழும் முஸ்லிம்களுமே முதலில் இழப்பர்.

வரிசையிடுதல் நமக்குப் புதிதன்று. சனாதிபதித் தேர்தலில் அது உண்டு. 2024 செப்டெம்பரில் முதன்முறையாக இரண்டாம் விருப்புகள் எண்ணப்பட்டன. அவற்றை இட்டோர் மிகச் சிலர், ஏனெனில் நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று நான்கு அங்கத்தவரைத் தெரியும் சிறு தொகுதிகளும், கட்சியைக் கடந்து வரிசையிடும் உரிமையும் வருமாயின் அந்த முதியவருக்குத் தம் அங்கத்தவரைத் தெரியும். அபேட்சகனும் அயலவனின் இரண்டாம் வாக்கை நாடி நாவடக்கத்தோடு பேசுவான். போனஸ் ஆசனம் ஒழிய வேண்டும். ஆனால் அரைகுறைச் சீர்திருத்தமும் ஆபத்தே. மாகாண சபைக்கு 2017இல் கலப்பு முறைச் சட்டம் நிறைவேறிற்று. எல்லை வகுப்பு அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. பழைய முறை போயிற்று, புதிய முறை வரவில்லை. அவ்வாண்டு கலைந்த வட மாகாண சபைக்கு உரிய காலத்தில் தேர்தல் நடக்கவில்லை.

முடிக்குமுன் ஒன்று. மாவட்டங்களுக்கான 196 ஆசனங்களில் 160 ஆசனங்கள் பதிவுபெற்ற வாக்காளர் தொகையைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. போரும் புலப்பெயர்வும் பெருங் காரணங்கள். அவற்றை நாம் இன்று மாற்ற முடியாது. ஆனால் ஊரிலே இருந்தும் இடாப்பில் பெயரில்லாதவர்கள் இச்சபையிலேயே சிலர் இருப்பர். கிராம அலுவலர் படிவத்தோடு வரும்போது வீட்டிலுள்ள பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் அனைவரின் பெயரையும் எழுதுங்கள். கொழும்பில் படிக்கும் மகளையும் விடாதீர்கள். இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் இவ்வாசிகசாலையில் மாலை ஐந்து மணி முதல் நான் இருப்பேன்; விடுபட்ட பெயருக்கான உரிமைக் கோரிக்கையைக் கட்டணமின்றி எழுதித் தருவேன்.