வெற்றிடமாய்க் கிடந்த ஊர்



கணிப்பொறி என்றவுடனே, அது செல்வர்க்கும் பெரும்படிப்புப் படித்தோர்க்குமே உரியது என்னும் அச்சம் நம் பிள்ளைகளிடம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. மென்பொருள் ஆக்குவோர் அதன் ஒவ்வோர் உறுப்பையும் தாமே ஆக்குவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பிறர் செய்து வைத்த கருவிகளையும் பிறர் திரட்டிய தரவுகளையும் பொருத்தமுற இணைத்து, முன்பு இல்லாத பயனொன்றைப் பெறுவதும் மென்பொருட் கலையேயாகும். அவ்வாறு பிறந்தவை சிலவற்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தை இணையத்தில் வெளியிட்டது. சில திங்கள்களுக்குள், அமெரிக்க நிரலாளர் பால் ரேட்மேக்கர், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தில் வந்த வீட்டு விளம்பரங்களை எடுத்து, அவ்வரைபடத்தின்மேல் புள்ளிகளாகப் பதித்துக் காட்டினார். விளம்பரமும் அவருடையதன்று, வரைபடமும் அவருடையதன்று. இரண்டையும் இணைத்த எண்ணம் மட்டுமே அவருடையது. அவ்வாண்டு ஜூனில், பிறருடைய நிரல்கள் தன் வரைபடத்தை முறைப்படி பயன்படுத்திக்கொள்ளக் கூகுள் நிறுவனமே வழி திறந்துவிட்டது.

வீடு தேடுவது சிறு செய்தி. கென்யாவில் நிகழ்ந்ததோ உயிர்ச் செய்தி. 2007 டிசம்பரில் அங்கு நடந்த தேர்தலின் முடிவையொட்டிக் கலவரம் மூண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். நேரடி ஒலி, ஒளிபரப்புகளை அரசு தடை செய்தது. எவ்வூரில் யாருக்கு என்ன நேர்ந்தது என்பது மறைந்தே போகும் நிலை. அப்பொழுது ஓரி ஒகோலோ என்னும் பெண் வழக்கறிஞர், கொடுமை நிகழ்ந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக் காட்ட யாரேனும் முன்வருவீரோ என்று இணையத்தில் எழுதினார். டேவிட் கோபியா, எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச் முதலியோர் கைகோத்தனர். சில நாள்களிலேயே, 2008 ஜனவரியில், 'உஷாஹிதி' உருவாயிற்று. சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குச் 'சாட்சியம்' என்பது பொருள்.

அதில் புதிய கருவி எது? வரைபடம் முன்பே இருந்தது. கைப்பேசியும் குறுஞ்செய்தியும் எளியோர் கையிலும் இருந்தன. இவற்றை இணைத்தவுடன், செய்தித்தாளில் பெயர் வர வாய்ப்பே இல்லாத ஒருவர் அனுப்பிய நாலு வரி, உலகோர் காணும் சாட்சியமாயிற்று. ஆயினும், வந்த செய்தி மெய்யா பொய்யா என்று ஆராயாமல் பதித்தால் அது வதந்திக்குத் துணைபோகும். இணைப்பது சில நாள் வேலை. சரிபார்ப்பது ஓயாத வேலை. நம் கருத்தில் பின்னதே பெரிது.

பின்னர் அம்மென்பொருள் யாவரும் எடுத்தாளத் திறந்து வைக்கப்பட்டது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டை நிலநடுக்கம் சிதைத்தபொழுது, கிரியோல் மொழியில் வந்த குறுஞ்செய்திகளைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்க, அவை வரைபடத்தில் ஏறின.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. 2018ஆம் ஆண்டில் கூகுள் தன் வரைபடத்துக்கான கட்டண முறையை மாற்றியது. அதனை நம்பித் தளம் அமைத்திருந்த பலர் பணம் கட்ட வேண்டியவராயினர். வேறு வழி தேடியோரும் உண்டு. ஆகவே இணைக்கும் பொருள் யாருடையது, நாளை அது நமக்குக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், பொதுமக்களே வரைந்து பொதுவில் வைக்கும் வரைபடம். கென்யத் தலைநகர் நைரோபியில் கிபேரா என்றொரு குடிசைப் பகுதி உண்டு. நெருக்கியடித்து மக்கள் வாழும் அவ்விடம், இணைய வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. ஊருக்குப் புறத்தே வாழ வைக்கப்பட்டவர்களுக்கு அவ்வெற்றிடத்தின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் இறுதியில், அவ்விடத்து இளைஞர்கள் 13 பேர் செயற்கைக்கோள் வழி இடமறியும் சிறு கருவிகளைக் கையிலேந்திச் சந்து சந்தாக நடந்தனர். தண்ணீர் பிடிக்கும் இடம், கழிப்பிடம், மருந்தகம், பள்ளி என ஒவ்வொன்றையும் குறித்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினர். பின்பு அவ்வரைபடத்தின்மேல் உஷாஹிதியைப் பொருத்தி, 'கிபேராவின் குரல்' என்னும் தளத்தை அமைத்தனர். அங்கு வாழ்வோர் தம் செய்தியைத் தாமே குறுஞ்செய்தியாக அனுப்பலாயினர்.