கப்பல் துறையில் உயர்ந்த மதுரைப் பிள்ளை



வீராணம் ஏரிக்கரையில் வாழும் நமக்குக் கடல் கடந்து பொருள் தேடுவது புதிய செய்தியன்று. இந்த லால்பேட்டையிலிருந்தே எத்தனையோ பேர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றிருக்கிறார்கள். ஆயினும், படித்து முடித்த நம் இளைஞரிடம், "அடுத்து என்ன?" என்று கேட்டால், அரசாங்க உத்தியோகம் என்ற ஒரே விடைதான் வருகிறது. வணிகம் செய்யலாமே என்றால், "நம்மிடம் யார் வாங்குவார்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் எள்ளி நகையாட முடியாது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த நாடு இது. நம் காட்டுமன்னார்கோயில் தந்த பெரியவர் இளையபெருமாள் அவர்களின் தலைமையிலான குழு 1969ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையே தீண்டாமைக் கொடுமைகளுக்குச் சான்று கூறும்.

இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே விடை கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பெ. மா. மதுரைப் பிள்ளை. 1858ஆம் ஆண்டில் சென்னையில், நம் ஒடுக்கப்பட்ட சமுதாயத்திலே பிறந்தவர். பர்மாவின் இரங்கூன் நகரிலே வளம் பெற்றவர்.

அவர் ஏன் இரங்கூனை நாடினார் என்பதை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கிராமத்தில் நிலம் பிறருடையது, சந்தையும் பிறருடையது. துறைமுகமோ வேறு வகையான உலகம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. வந்து நிற்கும் கப்பலுக்கு ஒவ்வொரு நாளும் செலவு. எனவே கப்பல்காரன் முதலில் கேட்டது சாதியையன்று, "என் சரக்கை எத்தனை நாளில் ஏற்றுவாய்?" என்பதைத்தான். அங்கே பிறரிடம் எழுத்தராக வேலை பார்த்துப் பழகிய மதுரைப் பிள்ளை, பின்னர்ச் சொந்தமாகவே சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தங்களை மேற்கொண்டார். கப்பல்களுக்கு வேண்டிய பொருள்களை வாங்கித் தரும் துபாஷ் தொழிலையும் உடன் நடத்தினார். ஒரு தொழிலில் கிட்டிய பழக்கம் மற்றொரு தொழிலுக்கு வழி திறந்தது. நாளடைவில் சொந்தக் கப்பலும் உடையவரானார்.

ஏற்று இறக்குத் தொழிலுக்குப் பெரிய கிடங்கு வேண்டியதில்லை, ஆள்கட்டு வேண்டும். கப்பல் வரும் நாளில் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் துறையில் நிற்கவேண்டும். கூலியை ஒழுங்காகக் கொடுப்பவரிடமே ஆட்கள் நிற்பார்கள்; ஆங்கிலேயக் கம்பெனியாரிடமும் தமிழ்க் கூலியாளிடமும் ஒருங்கே பேசத் தெரிந்தவருக்கே ஒப்பந்தம் நிலைக்கும். மனிதரோடு பழகும் பண்பு இத்தொழிலில் முதலீடாகவே இருந்ததென்பது நம் கருத்து.

ஈட்டிய செல்வத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. கல்விக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் புலவர்களுக்கும் வாரி வழங்கினார். கௌரவ மாஜிஸ்திரேட்டாக விளங்கினார். ராய் பகதூர் பட்டமும் பெற்றார். புலவர்கள் அவரைப் புகழ்ந்து பாடிய பாடல்களின் தொகுதியே "மதுரைப் பிரபந்தம்" என்னும் நூல். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவரைப் புலவர்கள் வள்ளல் என்று பாடியது அந்நாளில் சிறிய செய்தியன்று. ஆனாலும் ஒன்று சொல்வோம், பெரியவர்கள் பொறுத்தருள்க. அத்தனை புகழ்ப் பாடல்களுக்கு நடுவே அவருடைய வரவு செலவுக் கணக்கேடு ஒன்றும் அச்சேறியிருந்தால், நம் இளைஞருக்கு இன்னும் பயன்பட்டிருக்கும்!

1913இல் அவர் மறைந்தார். இந்தியர் கொழித்த இரங்கூனும் நிலைக்கவில்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசினர். இலட்சக்கணக்கான இந்தியர் உடைமைகளை இழந்து, காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர்.

அந்தச் செல்வக் குடும்பத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்தவர் அவருடைய பேத்தி. 1904இல் இரங்கூனில் பிறந்து, அங்கேயே கல்வி கற்ற அப்பெண்மணி, பின்னாளில் சென்னை மேயராகவும் அகில இந்திய தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத் தலைவராகவும் விளங்கிய என். சிவராஜ் அவர்களை மணந்தார். பெண்கள் மேடையேறவே தயங்கிய காலத்தில், 1928இல் தம் முதல் மேடைப் பேச்சை நிகழ்த்தினார். 1938இல் ஈ.வெ.ரா. அவர்களுக்குப் "பெரியார்" என்னும் பட்டம் வழங்கிய பெண்கள் மாநாட்டில் முன்னின்றவர்களுள் ஒருவராகவும் திகழ்ந்தார். அவர்தாம் அன்னை மீனாம்பாள் சிவராஜ்.